விளக்குக்குப் பின்னால் கேமரா: பாகிஸ்தான் நீதிபதிகளும் உளவு அமைப்புகளும்

1996 நவம்பர் 5 அன்று பாகிஸ்தான் குடியரசுத் தலைவர் பரூக் லெகாரி, பிரதமர் பெனாசிர் பூட்டோவின் ஆட்சியைக் கலைத்தார். கராச்சியில் விசாரணையின்றி நடந்த கொலைகள், செப்டம்பர் 20 அன்று பெனாசிரின் தம்பி முர்தாசா பூட்டோ போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது, ஊழல், நீதித்துறையை இழிவுபடுத்தியது எனக் கலைப்பு ஆணையில் பல குற்றச்சாட்டுகள் இருந்தன. அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. உயர்மட்ட நீதிமன்றங்களின் நீதிபதிகள், கட்சித் தலைவர்கள், உயர் அதிகாரிகள் ஆகியோரின் தொலைபேசிகளை அரசின் உளவு அமைப்புகள் ஒட்டுக்கேட்டன என்பதே அது. நீதிபதியின் தொலைபேசியில் கைவைத்ததை ஓர் அரசைக் கவிழ்ப்பதற்கான காரணமாக அரசு ஆவணமே எழுதிவைத்தது அப்போதுதான்.

லெகாரி எதிர்க்கட்சிக்காரர் அல்லர். பெனாசிரின் பாகிஸ்தான் மக்கள் கட்சியிலேயே வளர்ந்து, அவருடைய ஆதரவாலேயே 1993-இல் குடியரசுத் தலைவரானவர். தலைமை நீதிபதி சஜ்ஜாத் அலி ஷாவும் பெனாசிர் அரசு தேர்ந்தெடுத்தவரே. பணி மூப்பில் முன்னால் நின்றவர்களைத் தாண்டி 1994-இல் அவருக்கு அந்தப் பதவி கிடைத்தது. 1996 மார்ச் 20 அன்று வந்த நீதிபதிகள் வழக்குத் தீர்ப்புதான் உறவைக் கெடுத்தது. உயர் நீதிமன்ற நியமனங்களில் தலைமை நீதிபதியின் கருத்தே மேலோங்கி நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அரசு செய்திருந்த நியமனங்கள் பல ஆட்டம் கண்டன. தீர்ப்பை நிறைவேற்றாமல் பெனாசிர் இழுத்தடித்தார். நீதிபதிகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை அறிய ஆட்சியாளருக்கு ஆர்வம் மிகுந்திருந்த காலம் அது.

ஆட்சிக் கலைப்பை எதிர்த்துப் பெனாசிர் வழக்குத் தொடுத்தார். ஏழு நீதிபதிகள் அமர்ந்து விசாரித்தார்கள். 1997 ஜனவரி 29 அன்று, பொதுத் தேர்தலுக்கு ஐந்தே நாள் இருக்கும்போது, ஆறுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் கலைப்பு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நீதிபதி ஜியா மஹ்மூத் மிர்சா மட்டும் மாறுபட்டார். ஒட்டுக்கேட்பைப் பற்றித் தீர்ப்பு வெளிப்படையாகப் பேசியது. மனிதனின் கண்ணியமும் இல்லத்தின் தனிமையும் மீறக்கூடாதவை என்று 1973 அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. நீதிபதிகளின் தொலைபேசியை ஒட்டுக்கேட்பது அந்த உரிமையை மட்டுமன்றி, நீதித்துறையின் சுதந்திரத்தையும் குலைக்கிறது என்பது நீதிமன்றத்தின் முடிவு. இனிமேல் ஒட்டுக்கேட்க வேண்டுமானால் உச்ச நீதிமன்றத்தின் முன் அனுமதியோ, அந்த நீதிமன்றம் அமைக்கும் ஆணையத்தின் அனுமதியோ வேண்டும் என்றும் அது சொன்னது.

ஏறக்குறைய அதே நாட்களில் எல்லைக்கு இந்தப் பக்கமும் இதே கேள்வி எழுந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பளித்தது. இரண்டு வழக்குகளுக்கும் அடியில் இருந்தது ஒரே சட்டம்: ஆங்கிலேயர் 1885-இல் இயற்றிய தந்திச் சட்டம். பொதுமக்களின் பாதுகாப்பு என்றோ அவசர நிலை என்றோ காரணம் காட்டித் தகவல்களை இடைமறிக்க அதன் 5-ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் தந்தது. பிரிவினைக்குப் பின் இரு நாடுகளும் அதை வைத்துக்கொண்டன. ஒட்டுக்கேட்க யார் ஆணையிடலாம், எத்தனை நாளுக்கு, யார் மறுபரிசீலனை செய்வது என்று இந்தியத் தீர்ப்பு ஒரு நடைமுறையை வகுத்தது. அதிகாரம் அரசின் உள்துறைச் செயலரிடமே இருந்தது. பாகிஸ்தான் தீர்ப்பு அதைவிட ஒரு படி மேலே போய், சாவியை நீதிமன்றத்தின் கையில் கொடுத்தது. ஆனால் அந்த ஆணையம் செயல்பட்டதே இல்லை. தேர்தலில் வென்று வந்த நவாஸ் ஷெரீபும் இந்தத் தீர்ப்புக்குச் சட்ட வடிவம் கொடுக்கவில்லை.

நவாஸ் ஷெரீப் ஆட்சியின் ஒலிநாடாக்கள் நான்கு ஆண்டு கழித்து லண்டனில் வெளிவந்தன. 1999 ஏப்ரல் 15 அன்று லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி மாலிக் முகம்மது கய்யூம் தலைமையிலான அமர்வு, பெனாசிருக்கும் அவர் கணவர் ஆசிப் அலி சர்தாரிக்கும் ஊழல் வழக்கில் ஐந்தாண்டுச் சிறையும் 86 லட்சம் டாலர் அபராதமும் விதித்திருந்தது. சுவிட்சர்லாந்து சரக்குப் பரிசோதனை நிறுவனங்களிடம் கையூட்டு வாங்கினார்கள் என்பது வழக்கு. 2001 பிப்ரவரியில் சண்டே டைம்ஸ் இதழ் சில உரையாடல்களை வெளியிட்டது. உளவு அமைப்பான இன்டலிஜென்ஸ் பீரோ நீதிபதி கய்யூமின் தொலைபேசியில் பதிவு செய்தவை என்று அவை சொல்லப்பட்டன. நவாஸ் ஷெரீபின் ஊழல் ஒழிப்புப் பிரிவுத் தலைவர் சைபுர் ரஹ்மான் மறுமுனையில் இருந்து, தண்டனையை விரைந்தும் கடுமையாகவும் தரும்படி நெருக்குவது அவற்றில் கேட்டது.

2001 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. வழக்கின் ஆவணங்களிலேயே நீதிபதியின் பாரபட்சம் மேலோடித் தெரிகிறது என்றது. கய்யூம் பதவி விலகினார். தண்டனைக் காலத்தில் லாகூர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்து, பிறகு உச்ச நீதிமன்றத்துக்கு உயர்ந்த ரஷீத் அஜீஸ் கானும் விலகினார். கய்யூமை 2007-இல் ராணுவ ஆட்சியாளர் பர்வேஸ் முஷரப்பின் அரசு அட்டர்னி ஜெனரலாக்கியது.

இந்த விவகாரம் பாகிஸ்தான் நீதித்துறைக்கு ஆழமான காயம். ஒரு நீதிபதி ஆட்சியாளர் சொற்படி ஆடினார் என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது. தனக்கு வேண்டிய தீர்ப்பை எழுதித்தரும் நீதிபதியைக்கூட அரசு நம்பவில்லை. அவர் பேச்சையும் பதிவு செய்து வைத்துக்கொண்டது. இணங்கிய நீதிபதிக்கும் இணங்காத நீதிபதிக்கும் உளவு ஒன்றுதான் என்பதை இந்த நாடாக்கள் காட்டிவிட்டன. ஆனால் பத்திரிகைகளும் கட்சிகளும் நாடாவில் என்ன இருக்கிறது என்றே விவாதித்தன. பதிவு செய்தவர் யார், எந்த ஆணையின் பேரில், 1997 தீர்ப்புக்குப் பிறகு அது எப்படி நடந்தது என்று எவரும் எந்த அதிகாரியையும் கூண்டில் ஏற்றிக் கேட்கவில்லை. பிந்தைய நிகழ்வுகள் பலவற்றிலும் இதே குறை திரும்பத் திரும்ப வரும்.

2007-இல் மோதல் தலைமை நீதிபதியின் மீதே இறங்கியது. மார்ச் 9 அன்று முஷரப், தலைமை நீதிபதி இப்திகார் முகம்மது சவுத்ரியை ராவல்பிண்டியில் உள்ள ராணுவத் தளபதி இல்லத்துக்கு அழைத்தார். சீருடையில் இருந்த முஷரப்புடன் ஐ.எஸ்.ஐ. உளவு அமைப்பு, ராணுவ உளவுப் பிரிவு, இன்டலிஜென்ஸ் பீரோ ஆகியவற்றின் தலைவர்கள் இருந்ததாகச் சவுத்ரி பின்னர் பிரமாணப் பத்திரத்தில் எழுதினார். பதவி விலகச் சொன்னார்கள், அவர் மறுத்தார். மாலை வரை அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டார். அதற்குள் வேறொருவர் தற்காலிகத் தலைமை நீதிபதியாகப் பதவியேற்றுவிட்டார். பிறகு வீட்டில் தொலைபேசியும் தொலைக்காட்சியும் துண்டிக்கப்பட்டு, குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்ததாகவும் அந்தப் பத்திரம் சொல்கிறது.

அவர் தொடுத்த வழக்கை 13 நீதிபதிகள் விசாரித்தார்கள். அரசுத் தரப்பு தாக்கல் செய்த ஆவணங்களில் நீதிபதிகளின் தனிவாழ்க்கையைத் தொட்டு அவதூறு செய்யும் தாள்கள் இருந்தன. அமர்வுக்குத் தலைமை தாங்கிய நீதிபதி கலீலுர் ரஹ்மான் ரம்தே கொதித்துப் போனார். ஜூலை 2 அன்று நீதிமன்றம் அந்த ஆவணங்களை ஒதுக்கி, அரசுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. உளவு அமைப்புகளின் ஆட்கள் நீதிமன்ற வளாகங்களுக்குள் நுழையத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் நீதிபதிகளின் வீடுகளிலும் ஒட்டுக்கேட்புக் கருவிகள் இருக்கின்றனவா என்று சோதித்து, எதுவும் இல்லை என்று சத்தியப் பிரமாணம் தரும்படி இன்டலிஜென்ஸ் பீரோவின் தலைமை இயக்குநருக்கு ஆணையிட்டது.

அந்த ஆணையில் துணிவும் இருக்கிறது, கையறு நிலையும் இருக்கிறது. நீதிபதியின் வீட்டில் கருவி வைக்கப்பட்டிருக்கிறதா என்று சோதிக்க நீதிமன்றத்துக்குச் சொந்தமாக ஓர் ஆள் இல்லை. யார்மீது சந்தேகமோ அவரிடமே சான்று கேட்க வேண்டியிருந்தது. ஜூலை 20 அன்று சவுத்ரி மீண்டும் பதவியில் அமர்த்தப்பட்டார். நவம்பர் 3 அன்று முஷரப் நெருக்கடி நிலையை அறிவித்து, சுமார் 60 நீதிபதிகளை வெளியேற்றிப் பலரை வீட்டுச் சிறையில் வைத்ததும், வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கிப் போராடியதும், 2009 மார்ச்சில் சவுத்ரி திரும்பியதும் தனியாகச் சொல்ல வேண்டியவை.

2013-இல்தான் இடைமறிப்புக்கு ஒழுங்கான ஒரு சட்டம் வந்தது. நியாயமான விசாரணைக்கான புலனாய்வுச் சட்டம் என்பது அதன் பெயர். பயங்கரவாதம் தொடர்பான குற்றங்களில் ஒருவரைக் கண்காணிக்க வேண்டுமானால் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் வாரன்ட் பெற வேண்டும். ஏட்டளவில் இது நல்ல சட்டம். அதற்குப் பின் வெளிவந்த நீதிபதிகளின் உரையாடல்களில் எதற்கும் இப்படியொரு வாரன்ட் காட்டப்பட்டதில்லை.

2018 ஜூலை 21 அன்று இஸ்லாமாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஷௌகத் அஜீஸ் சித்திகி, ராவல்பிண்டி வழக்கறிஞர் சங்கத்தில் பேசும்போது ஐ.எஸ்.ஐ. பெயரை வெளிப்படையாகச் சொன்னார். வழக்குகளில் தங்களுக்கு வேண்டிய அமர்வுகளை அமைக்க அந்த அமைப்பினர் தலையிடுகிறார்கள் என்றார். ஊழல் வழக்கில் நவாஸ் ஷெரீபின் மேல்முறையீடு நிலுவையில் இருந்த நாட்கள் அவை. குற்றச்சாட்டு விசாரிக்கப்படவில்லை, குற்றம் சாட்டியவர் விசாரிக்கப்பட்டார். அக்டோபர் 11 அன்று, நீதிபதிகள் மீதான புகார்களை விசாரிக்கும் உச்ச நீதித்துறைக் கவுன்சிலின் பரிந்துரைப்படி அவர் பதவி நீக்கம் செய்யப்பட்டார்.

மறு ஆண்டு உச்ச நீதிமன்ற நீதிபதி காஜி பாயிஸ் ஈசாவின் முறை வந்தது. ராவல்பிண்டிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் இடையிலுள்ள பைசாபாதில் நடந்த மறியல் தொடர்பாக, உளவு அமைப்புகள் தங்கள் எல்லையைத் தாண்டக்கூடாது என்று 2019 பிப்ரவரியில் தீர்ப்பு எழுதியவர் அவர். மே மாதம், லண்டனில் அவர் மனைவி, பிள்ளைகள் பெயரில் உள்ள வீடுகளைக் காரணம் காட்டி அரசு அவர்மீது கவுன்சிலில் புகார் அளித்தது. அந்தத் தகவல்களைத் திரட்டத் தம்மையும் குடும்பத்தையும் ரகசியமாகக் கண்காணித்தார்கள் என்று ஈசா உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டார். 2020 ஜூன் 19 அன்று புகார் தள்ளுபடியானது. தம் பதவிக்காகத் தம் சக நீதிபதிகள் முன்னால் நின்று வாதாடிய இந்த மனிதர், அடுத்த நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை இதே கேள்விக்கு நடுவராக உட்கார நேர்ந்தது.

முதல் முறை 2023-இல். அதற்கு முந்தைய செப்டம்பரில் பிரதமர் அலுவலகத்துக்குள் நடந்த உரையாடல்கள் சமூக ஊடகங்களில் கசிந்தன. அதன்பின் கசிவுகள் நீதித்துறைப் பக்கம் திரும்பின. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் பெயர் அடிபடும் உரையாடல், முன்னாள் தலைமை நீதிபதி சாகிப் நிசாரின் மகனுடையது என்று சொல்லப்பட்ட உரையாடல், பதவியில் இருந்த தலைமை நீதிபதி உமர் அதா பந்தியாலின் மாமியாருடையது என்று சொல்லப்பட்ட உரையாடல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பஞ்சாப் மாகாணத் தேர்தல் தேதி பற்றி அரசுக்கும் பந்தியாலுக்கும் கடும் மோதல் நடந்துகொண்டிருந்தது. குடும்பத்துப் பெண்கள் வீட்டில் பேசிக்கொள்வதைப் பதிவு செய்து ஊருக்குப் போட்டுக்காட்டும் அளவுக்கு விஷயம் இறங்கிவிட்டது.

மே மாதம் பிரதமர் ஷெபாஸ் ஷெரீபின் அரசு மூன்று நீதிபதிகள் கொண்ட ஆணையம் அமைத்தது. தலைவர் காஜி பாயிஸ் ஈசா. கசிந்த உரையாடல்கள் உண்மையா, அவற்றால் நீதித்துறையின் சுதந்திரத்துக்குப் பங்கம் வந்ததா என்று ஆராய்வது அதன் பணி. பதிவு செய்தவர்கள் யார் என்ற கேள்வி ஆணையத்தின் வரம்பில் இல்லை என்பதை முன்னாள் பிரதமர் இம்ரான் கான் சுட்டிக்காட்டினார்; அரசியல் காரணங்கள் அவருக்கு இருந்தாலும் அந்தக் குறை உண்மையானது. மே 26 அன்று பந்தியால் தலைமையில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து ஆணையத்துக்குத் தடையாணை பிறப்பித்தார்கள். தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ளாமல், பதவியில் உள்ள நீதிபதிகளை அரசு இப்படி நியமிக்க முடியாது என்பது காரணம். தம் உறவினரின் உரையாடல் தொடர்பான வழக்கில் பந்தியால் அமரலாமா என்ற கேள்வியும் நியாயமானதே. அவர் விலக மறுத்தார். ஆணையம் அத்தோடு நின்றது.

அதே 2023-இல் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றத்தின் உள்ளே நடந்தவை மறு ஆண்டு மார்ச் 25 அன்று வெளியே வந்தன. அந்த நீதிமன்றத்தில் அப்போது இருந்தவர்கள் எட்டு நீதிபதிகள். அவர்களில் மோசின் அக்தர் கயானி, தாரிக் மஹ்மூத் ஜஹாங்கிரி, பாபர் சத்தார், சர்தார் இஜாஸ் இஷாக் கான், அர்பாப் முகம்மது தாஹிர், சமன் ரஃபத் இம்தியாஸ் ஆகிய ஆறு பேர் உச்ச நீதித்துறைக் கவுன்சிலுக்குக் கூட்டாகக் கடிதம் எழுதினார்கள். சித்திகியின் பதவி நீக்கம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து மூன்றே நாள் ஆகியிருந்தது. சித்திகி சொன்னவை விசாரிக்கப்பட வேண்டும், தங்களுக்கு நேர்ந்தவையும் விசாரிக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. நீதிபதிகள் மாநாடு ஒன்றைக் கூட்டவும் கேட்டார்கள்.

கடிதம் ஒவ்வொரு நிகழ்வாக விவரிக்கிறது. இம்ரான் கானைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய ஒரு வழக்கை விசாரணைக்கு ஏற்கலாமா என்பதில் மூவர் அமர்வில் இருவர் ஏற்க முடியாது என்று கருதினார்கள். உடனே நண்பர்கள், உறவினர்கள் வழியாக அவர்களுக்கு நெருக்கடி தொடங்கியது. தங்கள் பாதுகாப்புக்கே அஞ்சி அவர்கள் கூடுதல் காவல் கேட்டார்கள். ஒருவர் ரத்த அழுத்தம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தார். ஒரு நீதிபதியின் மைத்துனரை ஆயுதம் தாங்கியவர்கள் கடத்திக்கொண்டு போனார்கள். ஐ.எஸ்.ஐ. தொடர்பு உள்ளவர்கள் என்று சொல்லிக்கொண்ட அவர்கள் அவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்து, நீதிபதிக்கு எதிராகப் பொய்யாக வீடியோவில் பேசவைத்தார்கள் என்கிறது கடிதம்.

இன்னொரு நீதிபதி அரசு ஒதுக்கிய வீட்டுக்குக் குடிவந்திருந்தார். வீட்டில் பராமரிப்பு வேலை நடந்தபோது வரவேற்பறைச் சுவரில் இருந்த விளக்கைக் கழற்றினார்கள். அதன் பின்னால் ஒரு கேமரா. அதற்குள் சிம் கார்டு இருந்தது. படமும் ஒலியும் அங்கிருந்து எங்கோ போய்க்கொண்டிருந்தன. தேடியபோது அதே போன்ற இன்னொரு கேமரா படுக்கையறையில் கிடைத்தது. ஒரு யு.எஸ்.பி.யும் அகப்பட்டது, நீதிபதியும் குடும்பத்தாரும் வீட்டுக்குள் இருக்கும் காட்சிகள் அதில் பதிவாகியிருந்தன. நாட்டின் தலைநகரில், உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தம் மனைவி மக்களோடு உறங்கும் அறைக்கு நேர்ந்தது இது. வழக்கு ஆவணங்களில் எத்தனையோ அத்துமீறல்களைப் படித்தவர்களையும் இந்தப் பத்தி உலுக்கியது.

விஷயம் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆமர் பாரூக்கிடமும், அப்போதைய பாகிஸ்தான் தலைமை நீதிபதியிடமும் முன்பே சொல்லப்பட்டது என்பது கடிதத்தின் முக்கியமான செய்தி. ஐ.எஸ்.ஐ.யின் மூத்த அதிகாரியிடம் பேசியாயிற்று, இனி அவர்கள் எந்த நீதிபதியையும் அணுகமாட்டார்கள் என்று ஆமர் பாரூக் உறுதி சொன்னதாகவும், அதற்குப் பிறகும் தலையீடு நிற்கவில்லை என்றும் ஆறு பேரும் எழுதினார்கள்.

கடிதம் வந்தபோது பாகிஸ்தான் தலைமை நீதிபதியாக இருந்தவர் காஜி பாயிஸ் ஈசா; இரண்டாவது முறை இதுவே. அவர் மார்ச் 28 அன்று பிரதமரைச் சந்தித்தார். மார்ச் 30 அன்று அமைச்சரவை, நிர்வாகம் தலையிடுகிறது என்ற குற்றச்சாட்டை மறுத்தது. முன்னாள் தலைமை நீதிபதி தசத்துக் ஹுசைன் ஜிலானியை ஒருநபர் ஆணையமாக நியமித்தது. குற்றம் சாட்டப்படுவது நிர்வாகம், விசாரணைக்கு ஆள் போடுவதும் நிர்வாகம் என்று வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் 1 அன்று ஜிலானி விலகிக்கொண்டார். அன்றே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மறுநாள் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளுக்கும் மிரட்டல் கடிதங்கள் வந்தன. உறைக்குள் ஏதோ தூள் இருந்தது. உச்ச நீதிமன்றத்துக்கும் லாகூர் உயர் நீதிமன்றத்துக்கும் அதே போன்ற உறைகள் போயின.

விசாரணை நேரலையில் ஒளிபரப்பானது. தங்கள் மாகாணங்களில் நிலைமை என்ன என்று எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கேட்கப்பட்டது. தலையீடு உண்டு என்ற குரல் இஸ்லாமாபாத்தோடு நிற்கவில்லை. மே மாத முதல் வாரத்துக்குப் பிறகு வழக்கு நகரவில்லை. ஈசா அக்டோபரில் ஓய்வுபெறும் வரை தீர்ப்பு வரவில்லை. கேமராவை வைத்தவர் யார் என்று எந்த விசாரணையும் கண்டறியவில்லை.

ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவரான பாபர் சத்தாரிடம் வேறொரு வழக்கு இருந்தது. இம்ரான் கானின் மனைவி புஷ்ரா பீபியும், சாகிப் நிசாரின் மகனும் தங்கள் உரையாடல்கள் கசிந்தது பற்றித் தொடுத்த மனுக்கள் அவை. பாகிஸ்தானில் இந்த ஒட்டுக்கேட்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டு வரலாற்றில், பதிவில் என்ன இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, பதிவு எப்படி நடக்கிறது என்று ஒரு நீதிபதி முறையாகக் கேட்டது இந்த வழக்கில்தான். எந்த அமைப்புக்கும் ஒட்டுக்கேட்க அனுமதி தரவில்லை என்று அட்டர்னி ஜெனரல் முதலில் சொன்னார். அப்படியானால் கருவி யாரிடம் என்று நீதிபதி தொலைத்தொடர்பு நிறுவனங்களைக் கேட்டார்.

2024 ஏப்ரலில் இன்டலிஜென்ஸ் பீரோ, மத்தியப் புலனாய்வு முகமை, தொலைத்தொடர்பு ஆணையம் ஆகியவை பாபர் சத்தார் வழக்கிலிருந்து விலக வேண்டும் என்று மனுப் போட்டன. அவற்றை அவர் அபராதத்தோடு தள்ளுபடி செய்தார். அவருடைய குடும்பத்தின் தனிப்பட்ட ஆவணங்கள் சமூக ஊடகங்களில் பரப்பப்பட்டன. கண்காணிப்பு விவகாரத்தில் இருந்து பின்வாங்கும்படி பாதுகாப்பு வட்டாரத்தின் உயர் அதிகாரி ஒருவரிடமிருந்து தமக்குச் செய்தி வந்ததாக மே மாதம் அவரே உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதினார்.

ஜூன் இறுதியில் வந்த அவருடைய ஆணை, அதுவரை வதந்தியாக இருந்ததை நீதிமன்றப் பதிவாக்கியது. தொலைத்தொடர்பு ஆணையத்தின் கட்டளைப்படி கைபேசி நிறுவனங்கள் தங்கள் சொந்தச் செலவில் சட்டபூர்வ இடைமறிப்பு மேலாண்மை அமைப்பு என்ற ஏற்பாட்டை நிறுவியிருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளர்களில் 2 சதவீதம் பேரை ஒரே நேரத்தில் கண்காணிக்க வழி செய்ய வேண்டும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 40 லட்சம் பேர். உளவு அமைப்பின் மையத்தில் உட்கார்ந்திருப்பவர் எண்ணைக் கொடுத்தால் போதும். பேச்சைக் கேட்கலாம், குறுஞ்செய்தியைப் படிக்கலாம், ஆள் இருக்கும் இடத்தை அறியலாம். இடையில் மனிதர் எவரும் வாரன்ட் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. சட்டத்தின் ஆதரவு இல்லாத இந்தப் பெருங்கண்காணிப்புக்குப் பிரதமரும் அமைச்சரவையும் கூட்டாகப் பொறுப்பு என்று மேல்நோக்கில் தெரிகிறது என்றார் நீதிபதி. நீதிமன்றத்தில் உண்மையை மறைத்ததாகத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் தலைவருக்கு அவமதிப்பு நோட்டீஸ் போனது.

ஜூலை 8 அன்று அரசின் பதில் ஓர் அறிவிக்கையாக வந்தது. 1996 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, 18-ஆம் நிலைக்குக் குறையாத ஐ.எஸ்.ஐ. அதிகாரிகள் தேசப் பாதுகாப்புக் கருதி அழைப்புகளையும் செய்திகளையும் இடைமறிக்கலாம் என்றது அது. 1997 தீர்ப்பு கேட்ட நீதிமன்ற அனுமதிக்கும், 2013 சட்டம் கேட்ட வாரன்டுக்கும் அதில் இடமில்லை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, உயர் நீதிமன்றம் மனுவின் வரம்பைத் தாண்டிவிட்டது என்ற அரசின் வாதத்தை ஏற்று, பாபர் சத்தாரின் ஆணையை நிறுத்திவைத்தது. அவர் நடத்திய விசாரணைக்கும் தடை விழுந்தது. அந்த அமர்வின் தலைவர் நீதிபதி அமீனுத்தீன் கான்.

அக்டோபரில் அரசியல் சாசனத்தின் 26-ஆவது திருத்தம் நிறைவேறியது. தலைமை நீதிபதியைப் பணிமூப்பில் முதல் மூவரில் இருந்து நாடாளுமன்றக் குழு தேர்ந்தெடுக்கும் என்றானது. மூத்தவரான மன்சூர் அலி ஷாவைத் தாண்டி யாஹ்யா அப்ரிதி பதவியேற்றார். அரசியல் சாசன வழக்குகளுக்குத் தனி அமர்வு வந்தது. அதன் தலைமை அமீனுத்தீன் கானுக்குப் போனது. 2025 பிப்ரவரியில் இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வெளியிலிருந்து மூன்று நீதிபதிகள் மாற்றிக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான சர்தார் சர்பிராஸ் தோகர் தற்காலிகத் தலைமை நீதிபதியாகி, ஜூலையில் நிரந்தரமானார். கடிதம் எழுதிய ஆறு பேரில் ஐந்து பேர் எதிர்த்து வழக்குப் போட்டார்கள்; மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் ஜூன் 19 அன்று தோற்றார்கள்.

2025 நவம்பர் 13 அன்று 27-ஆவது திருத்தம் சட்டமானது. அரசியல் சாசன விவகாரங்கள் உச்ச நீதிமன்றத்தின் கையை விட்டுக் கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம் என்ற புதிய மன்றத்துக்குப் போயின. உயர் நீதிமன்ற நீதிபதிகளை அவர்கள் சம்மதமின்றியே இடம் மாற்றவும் வழி பிறந்தது. கடித வழக்கை விசாரித்த அமர்வில் இருந்த மன்சூர் அலி ஷாவும் அதர் மினல்லாவும் அன்றே பதவி விலகினார்கள். புதிய நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியாக மறுநாள் அமீனுத்தீன் கான் பதவியேற்றார்.